அம்மாவின் வேலைக்கு நின்ற கானா அன்ரி

இத்தாலியில், பலெர்மோ நகரில் என்னோடு பள்ளிக்கூடம் போய், இப்போது லண்டனிலும் பாரிசிலும் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரிகளே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். போன ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே மேசையில் இருந்தோம். பழைய கதைகள் வந்தன. உங்களில் ஒருத்தி, "அந்த ஊர்ச் சனம் எங்களைப் பாத்த பார்வைக்கு, நாங்கள் ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் செய்யேல்லை" என்றாள். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. இந்தக் கதையை அன்றே சொல்லியிருக்க வேண்டும். சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பதினொரு வயது. அல்பெர்கேரியாவில், பல்லாரோ சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள். கடலைமாவில் தட்டிப் பொரிக்கும் பனெல்லேயின் வாசனையும் மீன் கழுவிய தண்ணீரின் வாடையும் ஒன்றாகப் படியேறி வரும். சுவரில் கை வைத்தால் சுண்ணாம்பு உதிரும். அப்பா சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரீன் தோடம்பழம் பறிக்கப் போவார். அங்கே பழம் பிந்தித்தான் பழுக்கும், மாசி பங்குனியில் வேலை கூட. எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் அவர் விரல்களில் அந்தத் தோல் மணம் போகாது. ஆனால் அவருடைய வேலைக்குக் காகிதம் ஒன்றும் கிடையாது. காகிதம் இருந்தது அம்மாவின் வேலைக்கு மட்டும்தான். மேட்டுப்பக்கத்தில் ஒரு வழக்கறிஞரின் வீட்டில் அம்மா துப்புரவு வேலை செய்தார். அந்த வீட்டு எசமானி, நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிட்டவர், போட்டுத் தந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான் எங்கள் மூன்று பேருக்கும் பெர்மெஸ்ஸோ, அதுதான் அந்த நாட்டில் இருக்கும் அனுமதி, புதுப்பிக்கப்பட்டது. அந்த வேலை போனால் நாங்கள் போக வேண்டியதுதான். இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. வீட்டில் கதைத்த கதையெல்லாம் அதுவாகத்தான் இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அம்மா வயிற்றில் தங்கச்சியோடு இருந்தார். ஏழாம் மாதம் கால் இரண்டும் வீங்கி, இனிப் படுக்கையை விட்டு எழும்பக்கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். வேலைக்குத் தன் இடத்தில் ஆள் நிறுத்த வேண்டும். எங்கள் சனத்திடம் அது எவ்வளவு பெரிய பயம் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். செத்தவீட்டுக்கென்று ஊருக்குப் போய் வருவதற்குள், தான் நிறுத்திவிட்டுப் போன ஒன்றுவிட்ட தங்கச்சியே வேலையைப் பிடித்துக்கொண்டாள் என்று ஒரு மாமி ஒப்பாரி வைத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள். அம்மாவுக்கு நித்திரை இல்லை. யார் பெயரைச் சொன்னாலும், "அவள் ஒட்டிக்கொள்ளுவாள்" என்பார்.

எங்களுக்குக் கீழே இரண்டாம் மாடியில் கானாவிலிருந்து வந்த ஒரு பெண் தனியே இருந்தார். நான் அவரைக் கானா அன்ரி என்றுதான் கூப்பிட்டேன். நல்ல உயரம். தலைமயிரைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னி மேலே கட்டியிருப்பார். எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும். அம்மாவின் வயிற்றைக் கண்ட நாளிலிருந்து எங்களுடைய கலன்களையும் அவரே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். இத்தாலிய மொழி அவருக்குக் கொஞ்சம்தான் வரும், அம்மாவுக்கு அதுவும் வராது. இரண்டு பேரும் இங்கிலீசில் மெல்ல மெல்லக் கதைப்பார்கள். அவருக்கு ஊரில், குமாசியில், என் வயதில் ஒரு மகள். அவளைக் கூப்பிடுவதற்கு நிரந்தர வேலைக் காகிதம் வேண்டும். ஒரு வருடமாக அலைந்தும் கிடைக்கவில்லை. கதவைத் திறக்கிறவர்கள் முகத்தைப் பார்த்ததும் ஆள் கிடைத்துவிட்டது என்பார்களாம்.

ஒருநாள் அம்மா அப்பாவிடம், "கீழை இருக்கிறவவை என்ரை இடத்திலை விடப் போறன்" என்றார்.

அப்பாவுக்கு வாய்க்குள் இருந்த சோறு விழுங்க முடியவில்லை. "காப்பிலியையோ? சிஞ்ஞோரா எந்தக் காலத்திலை உவவை வேலைக்கு வச்சிருக்கப் போறா?"

"அதுக்குத்தான்" என்றார் அம்மா. "மூண்டு மாதம் எண்டா எனக்காகப் பல்லைக் கடிச்சுக்கொண்டு வச்சிருப்பா. நான் எழும்பிப் போன உடனை கும்பிட்டு என்னை எடுப்பா."

அப்பா சிரித்தார். கெட்டிக்காரி என்றார். நானும் சிரித்தேன். காப்பிலி என்ற, கறுப்பரை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லை நீங்களும் சொன்னீர்கள், நானும் சொன்னேன், கூச்சப்படவில்லை. அந்த ஊர்ச் சனம் எங்களையும் ஆபிரிக்கரையும் சேர்த்துத் 'துர்க்கி', துருக்கியர், என்றுதான் சொல்லும். ஆனால் சிஞ்ஞோராமார் 'தமிழர் நல்ல சனம், சத்தம் இல்லை, களவு இல்லை' என்று சொல்லுவதை எங்கள் அம்மாமார் சங்கிலி மாதிரிப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அந்தப் புகழ்ச்சியில் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

பள்ளிக்கூடம் முடிந்து நான் கானா அன்ரியோடு போக வேண்டும், சிஞ்ஞோரா வேகமாகச் சொல்வதைச் சின்னச் சின்ன இத்தாலியன் சொற்களில் விளங்கப்படுத்த. முதல் நாள் அவர் என்னைக் காக்க வைத்துவிட்டு இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்கினார். காலையில் மினுக்கிய அதே உடுப்பை மறுபடியும். பாண் வாங்கப் போனாலும் அப்படித்தான். ஏன் என்று கேட்டேன். அவருடைய உடைந்த இத்தாலியனை நான் எங்கள் பேச்சுத் தமிழில் சொல்கிறேன்: "கசங்கின சட்டையோடை அவையின்ரை பொம்பிளை ஒண்டு போனா, பாவம் அவசரம் எண்டு நினைப்பினம். நான் போனா வேறை மாதிரி நினைப்பினம்."

பஸ்ஸில் நாங்கள் இருந்த இருக்கைக்கு முன்னால் இருந்த ஒரு கிழவி கைப்பையை மடியிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அம்மாவோடு போகும்போது அவளையே கண்டிருக்கிறேன், என் கன்னத்தைக் கிள்ளியவள். பிறகு கோட்டுப் போட்ட ஒரு ஆள் குனிந்து கானா அன்ரியின் காதுக்குப் பக்கத்தில், எவ்வளவு என்று கேட்டான். பக்கத்தில் நான் புத்தகப் பையோடு இருக்கிறேன். அவன் எதன் விலையைக் கேட்கிறான் என்பது சந்தையில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாமல் இல்லை.

"என்ன கேக்கிறான்?" என்று கேட்டார் கானா அன்ரி.

"மணி கேக்கிறார்" என்றேன்.

அவர் வெறும் மணிக்கட்டைத் திருப்பி அவனுக்குக் காட்டினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த தரிப்பில் என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். மிச்சத் தூரம் நடந்தோம்.

சிஞ்ஞோரா இருந்த கட்டிடத்தில் மரக்கதவு போட்ட லிப்ட் ஒன்று இருந்தது. அம்மா இரண்டு வருடமாக அதில்தான் போய் வந்தவர். வாசல் காவலாளி எங்களைக் கண்டதும் லிப்டுக்கு முன்னால் வந்து நின்று, பின்படியைக் காட்டினான். ஐந்து மாடி. நான் லிப்டில் வரலாமாம். "நீ போ" என்றார் கானா அன்ரி. நான் போனேன். அவரோடு படியில் ஏறியிருக்கலாம். அந்த வயதில் எனக்கு லிப்டின் பித்தளைப் பொத்தானை அமத்துவது பெரிய ஆசை.

சிஞ்ஞோரா கூடாத மனிசி இல்லை. எனக்கு எப்போதும் பாதாம் பிஸ்கட் தருவார். ஆனால் கானா அன்ரி வேலை செய்யும்போது அறைக்கு அறை பின்னாலேயே போனார். குடிக்க வேறு கோப்பை எடுத்து வைத்தார். ஒருநாள் கேட்காமலே அவருடைய பின்னலைப் பிடித்து, துணிக்கடையில் சீலையைத் தடவுவது போல விரல்களால் தேய்த்துப் பார்த்துவிட்டு, இதைக் கழுவுவாளா என்று என்னிடம் கேட்டார். நான், "உங்கடை தலைமயிர் வடிவாம்" என்று சொன்னேன். வெள்ளிக் கரண்டிகள் இருந்த லாச்சியைப் பூட்டிவிட்டு, உன் அம்மா எப்போது வருவாள் என்று கேட்டபோது, "களைச்சுப் போனியளோ எண்டு கேக்கிறா" என்றேன். இப்படி இரண்டு கிழமை சீனி போட்டுப் போட்டுக் கொடுத்தேன். ஒருநாள் பின்படியில் இறங்கும்போது அவர் நின்று என் தோளைப் பிடித்தார்.

"நீ நல்ல பிள்ளை. நீ சொல்லுறது எல்லாம் இனிப்பு. ஆனா எனக்குக் கண் இருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் மூக்கைத் துடைத்துவிட்டு, மகளுக்கும் இப்படித்தான் உடனே மூக்கு வழியும் என்றார்.

அம்மா நினைத்த மாதிரி நடக்கவில்லை. அதற்குக் காரணம் வழக்கறிஞரின் சட்டைகள். கானா அன்ரி மினுக்கினால் கழுத்துப்பட்டை புதுக் காகிதம் போல நிற்கும். வழக்கறிஞர், இப்படி ஒரு சட்டையைக் கல்யாணத்தன்றுகூடத் தான் போடவில்லை என்றாராம். மூன்றாம் கிழமை சிஞ்ஞோரா பின்னால் திரிவதை விட்டார். ஐந்தாம் கிழமை சாவியைக் கொடுத்தார். வேறு கோப்பை மட்டும் வேறு கோப்பையாகவே இருந்தது. நான் வீட்டில் இதையெல்லாம் சந்தோசமாகச் சொன்னேன். அம்மா வீங்கிய காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

தங்கச்சி பிறந்தாள். முப்பத்தொரு நாள் துடக்கு. உங்களுக்குத் தெரியும், துடக்கு வீட்டில் எங்கள் சனம் ஒரு வாய் தண்ணீர் குடிக்காது. அம்மா வெளியே போகவும் கூடாது. அம்மா கட்டிலில் இருந்து சொல்லச் சொல்ல அப்பா சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைத்தார், வீடெல்லாம் மிளகும் மஞ்சளும் மணக்கும். மாமிமார் வாசலில் நின்று பிள்ளை எப்படி என்று கேட்டுவிட்டுப் போனார்கள். துடக்கு என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர்தான் உள்ளே வந்தார். பின்னேரம் சிஞ்ஞோரா வீட்டிலிருந்து வந்து, சுடுதண்ணீர் வைத்து, அம்மாவின் முதுகுக்கு ஊற்றி, தங்கச்சியை நீட்டிய கால்களில் கிடத்தி எண்ணெய் தேய்ப்பார். கானாப் பாட்டு ஏதோ பாடுவார். தங்கச்சி அவர் கையில்தான் முதலில் சிரித்தாள்.

துடக்கு இருபது நாளைக் கடந்திருக்கும். சிஞ்ஞோரா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டு, இரண்டு பிஸ்கட் தந்து, அம்மாவுக்குச் சொல்லச் சொன்னார்: அவசரமே இல்லை, பிள்ளையோடு வீட்டில் இருக்கட்டும். இவளுக்கே காகிதம் போடப் போகிறேன், கணவருக்கும் சம்மதம். கானா அன்ரிக்கு அதை ஏற்கெனவே கையால் காட்டி விளங்கப்படுத்தியிருந்தார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவர் ஜன்னலைப் பார்த்தபடி மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா தனக்காகக் கதைத்து எடுத்துத் தந்த வேலை என்றுதான் அவர் நினைத்தார். மாடிப்படியில் என்னை முந்திக்கொண்டு ஏறி, அம்மாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். அம்மா வேறு வீடு ஒன்று பார்த்துவிட்டார் என்று அவருக்கு ஒரு எண்ணம். அப்படி ஒரு வீடும் இல்லை. அம்மாவின் பெர்மெஸ்ஸோ முடிய ஏழு கிழமை இருந்தது.

அம்மா அவரைத் தடுத்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த வேலை வேணும் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் விட்டுக்கூடக் கொடுத்திருப்பார் என்று சில நாட்களில் நினைக்கிறேன். சில நாட்களில், ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் அம்மா தலையணைக்குக் கீழிருந்து ஒரு ஜெத்தோனே எடுத்துத் தந்தார். ஞாபகம் இருக்கிறதா, ஒரு பக்கம் இரண்டு பள்ளக் கோடு, மறுபக்கம் ஒன்று, ரெலிபோனுக்குப் போடுகிற அந்த வில்லை? இப்போது என் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றுகூட என்னிடம் இல்லை.

"சிஞ்ஞோராவுக்கு எடு. முதல்லை மன்னிப்புக் கேள். அம்மாவுக்கு இப்பதான் தெரிய வந்தது எண்டு சொல்லு. அவ முந்தி துறைமுகப் பக்கம் நிண்டவவாம், இப்பவும் ஞாயிற்றுக்கிழமையிலை நிக்கிறவவாம் எண்டு சொல்லு. வேறை ஒண்டும் சொல்லாதை."

"என்னத்துக்கு நிக்கிறவ?"

"அதை சிஞ்ஞோரா விளங்கிக்கொள்ளுவா."

"பொய்தானே அம்மா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. தங்கச்சியின் தொட்டிலைப் பார்த்துக்கொண்டு, "உனக்கு இஞ்சை இருக்க விருப்பமோ, இல்லையோ?" என்று கேட்டார்.

பெரிய தெருவைக் கடந்தால் மூலையில் ரெலிபோன் வைத்த ஒரு பார், அங்கே கோப்பிக் கடைக்கு அதுதான் பெயர். கோப்பி இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. நான் வில்லையைப் போட்டு எடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். துறைமுகம் என்றேன். என்னுடைய இத்தாலியன் மிகவும் நன்றாக இருந்தது, பள்ளிக்கூடத்தில் ரீச்சர் சொல்லித் தந்த மரியாதைச் சொற்களைத் தேடித் தேடிப் போட்டேன். பிறகு சிஞ்ஞோரா, "எனக்கு முதலே தெரியும்" என்றார்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கானா அன்ரி காலையில் தேவாலயத்துக்குப் போவார், பின்னேரம் எங்கள் தங்கச்சிக்கு எண்ணெய் தேய்ப்பார். ஐந்து கிழமை சாவி கொடுத்து வைத்திருந்த பெண்ணை ஒரு நிமிடக் கதையில் கைவிட்டுவிட்டு, அது தனக்கு முதலே தெரியும் என்றார் அந்த மனிசி. நான் வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று பத்தியச் சோறு தொடவில்லை.

முப்பத்தொன்று கழித்து அம்மா வேலைக்குப் போனார். அதே வீட்டில் பதினான்கு வருடம். அந்தக் காகிதத்தில்தான் நாங்கள் இருந்தோம், படித்தோம், பிறகு லண்டனுக்கு வந்தோம். வந்து கனகாலம் போன பிறகு ஒருநாள் துணிந்து கேட்டேன். "ஏனம்மா அப்பிடிச் சொல்லச் சொன்னனியள்? களவெடுத்தவ எண்டு சொல்லியிருக்கலாம், வருத்தக்காரி எண்டு சொல்லியிருக்கலாம்." அம்மா மரக்கறி வெட்டுவதை நிறுத்தவில்லை. "களவெண்டா லாச்சியைத் திறந்து பாப்பா. வருத்தம் எண்டா டாக்குத்தரைக் கேப்பா. இதை ஒருத்தரும் விசாரிக்க மாட்டினம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அது எனக்குத் தெரியும்" என்றார். அதன் பிறகு நாங்கள் அதைக் கதைத்ததில்லை. அம்மா இப்போது இல்லை. அவரை வெறுக்க எனக்கு வரவில்லை. வெறுக்க வரவில்லையே என்பதும் உறுத்துகிறது.

இனி நான் சொல்லாமல் வைத்திருந்தது.

நான் ரெலிபோன் எடுத்த மறுநாள் காவலாளி வாசலிலேயே மறித்துச் சாவியை வாங்கிக்கொண்டானாம். கானா அன்ரி பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். மினுக்கிய உடுப்பில் வியர்வை ஊறியிருந்தது. அம்மாவோடு இங்கிலீசில் வேகமாகக் கதைத்தார். அம்மா தெரியாது, தெரியாது என்று தலையாட்டினார். அவர் என் பக்கம் திரும்பி, "வா, சிஞ்ஞோராவுக்கு எடு. நான் என்ன பிழை விட்டனான் எண்டு கேள். பிழையைச் சொன்னா நான் திருத்துவன்" என்றார்.

"போ" என்றார் அம்மா தமிழில். "ஆனா பாத்துக் கதை."

அதே பார், அதே ரெலிபோன். அவர் எனக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார். சிஞ்ஞோரா எடுத்ததும் நான் கேட்டேன். சிஞ்ஞோராவின் குரல் பெரியது, ரெலிபோனுக்கு வெளியே வரைக்கும் கேட்டது. "ஏன் என்று என்னைக் கேட்கிறாயா? நீதானே சொன்னாய், பிள்ளை! மம்மாவுக்கு நன்றி சொல்லு. சுகமானதும் ஒரு திங்கட்கிழமை வரச் சொல்லு." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

"என்ன சொல்லுறா?"

"அவை வேறை ஊருக்குப் போகினமாம். இனி ஆள் தேவையில்லையாம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்த கொஞ்ச இத்தாலியனில் மம்மா இருந்தது, திங்கட்கிழமை இருந்தது, நன்றி இருந்தது.

"திங்கக்கிழமை உன்ரை அம்மாவோ போறா?"

நான் அப்போதுதான் ரெலிபோனை வைத்தேன்.

"உன்ரை அம்மாவுக்கு இத்தாலியன் வராது" என்றார் மிகவும் மெதுவாக. "சிஞ்ஞோராவுக்கு ஆர் சொன்னது?"

பாரில் இருந்த ஆண்கள் எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான்" என்றேன்.

"என்னெண்டு சொன்னாய்?"

சொன்னேன். சிஞ்ஞோராவுக்குச் சொன்ன அதே சொற்களை, சீனி போடாமல், ஒன்றையும் மாற்றாமல் சொன்னேன். துறைமுகம் என்ற இடத்தில் அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். எனக்கு அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்று விரும்பினேன்.

வெளியே வந்தோம். பெரிய தெருவில் வாகனங்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன, வெஸ்பாக்கள் இரண்டு பக்கத்தாலும் வந்தன. அவர் என் கையைப் பிடித்தார். தான் வாகனங்கள் வரும் பக்கமாக மாறி நின்று, இடைவெளி பார்த்து, என்னைத் தெருவைக் கடக்கக் கூட்டிக்கொண்டு போனார். மறுபக்கத்தில் கால் வைத்ததும் கையை விட்டார்.